மிட்ஜெட் வாங்கப் போகிறேன்: 1098-ஆ, 1275-ஆ?

இரணைமடு

குழுவில் எல்லோருக்கும் வணக்கம், உங்களைப்போல நானும் ஊர்ப் பெயரிலேயே எழுதுகிறேன். நேரே விசயத்துக்கு வருகிறேன். பத்து வருசமாகச் சேர்த்த காசு கையில் இருக்கிறது, எம்.ஜி. மிட்ஜெட் என்ற பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றை வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டேன். இந்தக் காசுக்கு நல்ல வாகன்ஆர் ஒன்று எடுக்கலாம் என்பது எனக்கும் தெரியும், அதை வீட்டில் பேசி முடித்தாயிற்று. சின்ன வயதில் மாங்குளம் சந்தியில் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை திறந்த ஒரு சிவப்புக் கார் நின்றதைப் பார்த்தேன். அன்றிலிருந்து இதுதான் ஆசை.

இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வவுனியாவில், 1965, மார்க் 2, 1098 சிசி என்கிறார்கள். மற்றது குருநாகல் பக்கம், 1968, மார்க் 3, 1275 சிசி. இரண்டாவதுக்கு நாலு இலட்சம் கூடக் கேட்கிறார்கள். படத்தில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்கு வாரத்தில் ஒருநாள் ஏ9 வீதியில் போய்வருவேன், ஒரு வழிக்கு ஏறக்குறைய 75 கிலோமீற்றர். ஞாயிற்றுக்கிழமை பரந்தனால் திரும்பி முல்லைத்தீவுக் கடற்கரைக்கு. வீட்டுக்கு வரும் கடைசி ஒன்றரைக் கிலோமீற்றர் கிரவல் பாதை. இந்த ஓட்டத்துக்கு எந்த எஞ்சின்? அந்த நாலு இலட்சம் கொடுக்கத் தகுமா?

பரந்தன் சந்தி

தம்பி, யோசிக்கவே வேண்டாம், 1275. 1098 மார்க் 2 தருவது 59 குதிரைவலு, 1275 தருவது 65. ஆறு குதிரைதானே என்று நினைப்பீர்கள், ஆனால் முக்கியம் அதுவல்ல, இழுவை. 1098-இல் 65 இறாத்தல்-அடி, அதுவும் நிமிடத்துக்கு 3500 சுற்றில். 1275-இல் 72, அது 3000 சுற்றிலேயே வந்துவிடும். முறிகண்டி தாண்டி ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முந்த வேண்டும் என்றால், கியரைக் குறைக்காமல் காலை மிதித்தால் போதும். நான் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன், வித்தியாசம் இருக்கையில் இருந்தே தெரியும்.

எரிபொருளும் பெரிதாகக் கூடாது. இரண்டுமே ஓட்டத்தைப் பொறுத்து லீற்றருக்கு 10, 11 கிலோமீற்றர் தரும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் என்று தந்த காலத்தில்கூட உங்களுடைய வவுனியா ஓட்டத்துக்கு இரண்டிலும் காணும்.

பண்டாரிக்குளம்

நான் வவுனியாவில் நாற்பது வருசமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். பரந்தன் தம்பி சொல்வது காகிதத்தில் சரி. ஆனால் கார் ஓடப்போவது வன்னியில்.

முதலாவது வேகம். பட்டணத்துக்கு வெளியே காருக்குச் சட்டப்படி மணிக்கு 70. ஏ9-இல் எந்த மரத்துக்குக் கீழே பொலிஸ் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், இரவானால் மாடு படுத்திருக்கும், கனகராயன்குளம் பக்கம் சில நாள் யானையும் நிற்கும். மிட்ஜெட்டின் நாலாவது கியரில் 70 என்பது 2800 சுற்று. அதில் 1098 பாட்டுக்குப் போகும். மிச்ச வலுவை எங்கே கொண்டுபோய் விடப் போகிறாய்?

இரண்டாவது, கைப்பழக்கம். 1098 என்பது மொறிஸ் மைனருடைய எஞ்சின் குடும்பம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பெற்றோல் என்றால் மருந்துப் போத்தல் அளவில்தான் கண்ணில் படும். அதில் நாலு சொட்டுக் காபரேற்றர் வாயில் விட்டு, ஸ்ராட் பண்ணி, மனிஃபோல்ட் சூடேறிய பிறகு குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். நிற்பாட்டுவதற்கு முன் மறக்காமல் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும், மறந்தால் ஆறிய பிறகு அந்தக் கார் எழும்பாது. அப்படி ஓடியவை எல்லாம் மைனரும் ஒஸ்ரின் ஏ40-உம் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும்தான். நோயாளிகளை ஏற்றிக்கொண்டு மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் போய்வந்த எஞ்சின்கள் அவை. அதனால் இங்கே எந்தச் சந்தியில் நின்றாலும் அதன் வால்வு இடைவெளி 12 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) என்று சொல்லத் தெரிந்த ஒருவன் இருப்பான்.

மூன்றாவது சூடு. கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதம் பகல் ஒரு மணிக்குப் புளியங்குளத்தில் நின்று பார், அப்போது தெரியும். நான் 1098 என்பேன்.

புதுக்குடியிருப்பு

இரண்டில் எது மலிவோ அதை எடுத்து நிசான் சன்னியின் ஏ12 எஞ்சினைத் தூக்கிப் போடுங்கோ அண்ணை. எஞ்சின் தலையில் காற்றும் புகையும் போகும் எட்டுத் துவாரமும் தனித்தனி, கிராங்குத் தண்டைத் தாங்க ஐந்து மெயின் பெயரிங், பாகமும் கிடைக்கும். என் மாமாவின் மைனரில் அதுதான் இருக்கிறது, ஒருநாளும் கைவிட்டதில்லை.

மல்லாவி

நல்ல எஞ்சின்தான், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினை மாற்றினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தையும் மாற்ற வேண்டும். பழைய ஸ்ரீ இலக்கக் கார்களில் பாதிக்கு இதுதான் தலையிடி. புத்தகத்தில் ஓர் இலக்கம், எஞ்சினில் வேறோர் இலக்கம். எனக்கே நடந்தது: வாங்கும்போது பார்க்காமல் விட்டு, பெயர் மாற்றப் போனபோது ஏழு மாதம் அலைந்தேன், இடையில் பழைய சொந்தக்காரரும் இறந்துவிட்டார். இரணைமடு, 1098-ஆ 1275-ஆ என்று பேசுவதற்கு முன் இரண்டு காரின் எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் படம் எடுத்து, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வற்றாப்பளை

ஊர் வற்றாப்பளை, இருப்பது லண்டன். பதினொரு வருசமாக 1275 மிட்ஜெட் ஒன்று வைத்து ஓட்டுகிறேன், எஞ்சினை இரண்டு தரம் நானே இறக்கி ஏற்றியிருக்கிறேன். இங்கே எல்லோரும் 1098 என்று ஒரே சொல்லில் பேசுகிறீர்கள், அதில்தான் பிழை. 1098-இல் மூன்று வகை இருக்கிறது தம்பி.

எஞ்சினின் வலப்பக்கம் டைனமோவுக்கு மேலே ஒரு சின்னத் தகடு ஆணியடித்திருக்கும். அதில் 10 சி.ஜி. என்று தொடங்கினால் மார்க் 1 மிட்ஜெட்டின் 1098, கிராங்கின் மெயின் பெயரிங் ஒன்றே முக்கால் அங்குலம். 10 சி.சி. என்றால் 1964-இல் வந்த மார்க் 2-இனுடையது, பெயரிங் இரண்டு அங்குலம். (இந்த சி.சி. கொள்ளளவு அல்ல, வெறும் எழுத்து.) இந்தக் கால் அங்குலம் சின்ன விசயம் இல்லை. 1098-இன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 83.72 மில்லிமீற்றர், 1275-இனுடையதைவிடவும் நீளம். அந்த நீளத்தில், மூன்றே மெயின் பெயரிங்கில், மெல்லிய கிராங்கை வைத்துச் சுற்றை ஏற்றினால் அது வளைந்து துடிக்கும், அடிப்பக்கம் சீக்கிரம் போகும். ஆகவே 10 சி.சி. என்றால் மட்டும் 1098-ஐ விரும்பி வாங்கலாம்.

மூன்றாவது, 10 எம்.ஏ. அது மைனருடையது. மிட்ஜெட்டுக்குள் அதிகம் வெட்டாமல் கொத்தாமல் இறங்கிவிடும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அதுவும் ஒன்றே முக்கால் அங்குலப் பெயரிங், மைனரில் அதன் வலு 48 குதிரைதான். வவுனியாக் காரில் இதை முதலில் பாருங்கள்.

1275 உண்மையானதா என்று அறிய இலக்கம்கூடத் தேவையில்லை. இடப்பக்கம் மனிஃபோல்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவுங்கள். அதற்கு முந்திய 948 சிசி-யும் 1098-உம் என்றால் எஞ்சின் சுவரில் இரண்டு தகர மூடிகள் இருக்கும், எண்ணெயும் கசிந்து ஊத்தையாக இருக்கும். மிட்ஜெட்டின் 1275-இல் அவை இல்லை, வெறும் வார்ப்பிரும்புச் சுவர்.

இன்னும் ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. எஞ்சினை ஒரே நாளில் இறக்கலாம், உடம்பை அப்படி மாற்ற ஏலாது. இந்தக் காருக்குத் தனிச் சேசி கிடையாது, உடம்புதான் சேசி. கதவுக்குக் கீழே ஓடும் சில், கதவுப் பிணைச்சல் தூண், பின் ஸ்பிரிங் வந்து பிடிக்கும் இடம், இந்த மூன்றையும் ஒரு ஸ்குறூட்ரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல உடம்பில் இருக்கும் கெட்ட எஞ்சினை நான் வாங்குவேன், மறுபக்கம் ஒருநாளும் வாங்க மாட்டேன்.

பண்டாரிக்குளம்

தங்கச்சி சொன்னது அத்தனையும் உண்மை. பெயரிங் அளவு பற்றி நான் முதலே சொல்லியிருக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஓடிய எஞ்சின்களில் இன்னொரு கெடுதியும் உண்டு: எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி எஞ்சின் ஒயிலில் கலந்து ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அப்படித்தான் இங்கே நூற்றுக்கணக்கில் கிராங்க் தேய்ந்தது.

தம்பி, போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கொம்பிறஷன் மீற்றர் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு போ. எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, அக்சிலறேற்றரை முழுக்க மிதித்துப் பார்க்க வேண்டும். நாலும் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தலுக்குக் கிட்ட, ஒன்றுக்கொன்று பத்துக்குள் நின்றால் நல்லது. எண்ணிக்கை சற்றுக் குறைந்தாலும் நாலும் ஒன்றாகக் குறைந்தால் பயமில்லை. ஒயில் அழுத்தம் நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் 40-க்குக் குறையக் கூடாது. ஆறிய எஞ்சினில் காட்டும் 60-ஐ நம்பாதே.

பிறகு, எஞ்சின் உடம்பின் பின்பக்கம் தண்ணீர் திறக்கும் ஒரு சின்ன வாய் இருக்கிறது. அதைத் திற. தண்ணீர் வராவிட்டால் ஒரு கம்பியை விட்டுக் குத்து. என்ன வருகிறது என்று எனக்குச் சொல்.

இரணைமடு

இன்று வவுனியாக் காரைப் பார்த்தேன். அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. தகட்டில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்தபோது முதலில் தெரிந்தது 10, அடுத்தது எம்.ஏ. கொஞ்சம் தள்ளி எல் என்று ஓர் எழுத்தும் இருக்கிறது. விற்பவர் நேர்மையான மனிதர், தகப்பன் காலத்தில் மாற்றியது என்று உடனே ஒத்துக்கொண்டார், புத்தகத்திலும் மாற்றம் பதிந்திருக்கிறது. கொம்பிறஷன் 125, 120, 125, 120. சூடான பிறகு ஒயில் 30-க்கு இறங்கியது. கீழே இருந்து மெல்லிய முழக்கம், காலை எடுத்து எடுத்து மிதித்தால் கேட்கிறது.

சில் நல்லாக இருக்கிறது. ஆனால் இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினேன், இடப்பக்கம் ஸ்பிரிங் பிடிக்கிற இடத்தில் ஸ்குறூட்ரைவர் உள்ளே போய்விட்டது.

வற்றாப்பளை

எல் என்றால் குறைந்த அழுத்த எஞ்சின், 7.5-க்கு 1. எச் என்றால் 8.5. அதனால் 120 என்பது அந்த எஞ்சினுக்கு மோசமில்லை. ஆனால் ஒயில் 30, முழக்கம், அது பெயரிங்.

பண்டாரிக்குளம்

எல் எழுத்து எஞ்சின்! தடைக் காலத்தில் அதைத் தேடித் தேடி வாங்குவார்கள். மண்ணெண்ணெய் கூடின அழுத்தத்தில் தட்டும், எல் என்றால் தட்டாமல் எரியும். அந்தத் தகப்பன் மிட்ஜெட்டின் எஞ்சினை இறக்கி அதைப் போட்டதற்கு வேறு காரணம் இருக்காது. அந்த எஞ்சின் அவரை அந்த வருசங்கள் முழுக்கச் சுமந்திருக்கும். அதற்கு நான் மரியாதை கொடுப்பேன், ஆனால் உன்னை அதற்குக் காசு கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஸ்பிரிங் இடம் உக்கினது வெட்டி ஒட்டலாம், அதோடு கிராங்கும் லேத்துக்குப் போக வேண்டும். குருநாகலையும் பார்த்துவிட்டு வா.

பரந்தன் சந்தி

1500-உம் ஒன்று இருக்கிறது, 1974-க்குப் பிறகு வந்த ட்ரையம்ப் எஞ்சின், 1493 சிசி. முதல் கியருக்கும் சிங்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ வைக்கும் அமைப்பு) உண்டு. தேடிப் பார்க்கவில்லையா?

வற்றாப்பளை

அதன் இழுவை நல்லது, கியர்ப்பெட்டி அருமை. ஆனால் 87.5 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக்கோடு அதுவும் மூன்று மெயின் பெயரிங்தான், நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் கிராங்க் தாங்காது என்று பெயர் எடுத்தது. அந்தக் குடும்பத்து எஞ்சினில் கைவைத்தவர்கள் உங்கள் பக்கம் எத்தனை பேர்? 1098-உம் 1275-உம் சேர்ந்த ஏ சீரிஸ் குடும்பம் என்றால் பண்டாரிக்குளம் அண்ணை இருக்கிறார்.

இரணைமடு

குருநாகல் போய்வந்தேன். விடிய நாலு மணிக்கு பஸ், மீற்றர் மடியில்.

மூடிகள் இல்லை, வெறும் சுவர். தகட்டில் 12 சி.சி., கடைசியில் எச். புத்தகத்தோடு ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தேன், ஒத்துப்போகிறது மல்லாவி மாஸ்ரர். உடம்பை எங்கே குத்தினாலும் தகரம் திருப்பி அடிக்கிறது. பின்னுக்கும் முன்னுக்கும் படுத்துப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஓட்டிப் பார்த்த பத்தாவது நிமிடம் வெப்ப முள் ஏறத் தொடங்கியது, சும்மா நிற்கையில் எஞ்சின் நொண்டுகிறது. கொம்பிறஷன்: 165, 110, 105, 160. ஒயில் சூட்டில் 50. அண்ணை, அந்த வாயைத் திறந்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் செங்கட்டிச் சேறு மாதிரி ஒன்று உருண்டு வந்தது, பிறகு கொஞ்சம் வெள்ளைச் சுண்ணாம்புத் துகள், பிறகுதான் தண்ணீர்.

விற்பவர் தலை வெடித்திருக்குமோ என்று பயப்படுகிறார். எனக்கும் பயம்.

பண்டாரிக்குளம்

நடுவில் இரண்டும் மூன்றும் மட்டும் விழுந்திருக்கிறது, அதுவும் ஒரே அளவாக. அது அந்த இரண்டுக்கும் இடையில், தலைக்குக் கீழே இருக்கும் கஸ்கெற் எரிந்தது. இந்த எஞ்சினில் நடு இரண்டு சிலிண்டரும் ஒரே புகை வாயால்தான் ஊதும், சூடு எல்லாம் அங்கேதான் குவியும். வெடிப்பு இருக்கவும் கூடும், தலையைக் கழற்றாமல் சொல்ல முடியாது. ஆனால் சேறு வந்தது நல்ல செய்தி, சூட்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வருசக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் அதே கல்லுத் தண்ணீர்தான், கேத்தலுக்குள் பார்த்தால் தெரியும்.

நான் முதலில் 1098 என்றேன். இப்போது சொல்கிறேன், குருநாகல் காரை எடு. கீழ்ப்பக்கம் 50 காட்டுகிற எஞ்சினுக்கு மேல்வேலைதான் மிச்சம், அது என் கையால் முடிகிற வேலை. ஆனால் வெடித்த தலைக்குரிய விலையைப் பேசி எடு, வெடிக்காத தலைக்கு அல்ல. சாவி போட்டு ஓட்டிக்கொண்டு வராதே, லொறியில் ஏற்று.

வற்றாப்பளை

1275-இன் தலை இன்லெட் வால்வுக்கும் எக்ஸோஸ்ட் வால்வுக்கும் நடுவில் மயிரிழையாக வெடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, சாயம் பூசித்தான் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் அதே நேரம் எக்ஸோஸ்ட் வால்வுக்குக் கடின இருக்கை வளையம் போட்டுவிடுங்கள். இலங்கையில் 2002-உடன் ஈயப் பெற்றோல் நின்றுவிட்டது, அந்தக் கால வார்ப்பிரும்புத் தலையில் ஈயம் இல்லாமல் வால்வு மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். கஸ்கெற் செற், வாட்டர் பம்ப், தேர்மோஸ்ரற் மூன்றும் நான் இங்கிருந்து அனுப்புகிறேன், அடுத்த மாதம் என் தம்பி ஊருக்கு வருகிறான். பெற்றோல் 95 போட முடிந்தால் போடுங்கள். 92 என்றால் ரைமிங்கை ஒன்றிரண்டு பாகை பின்னுக்கு எடுங்கள், மேட்டில் தட்டுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

மல்லாவி

காசு கொடுக்கும் அன்றே பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு என்று விட வேண்டாம்.

இரணைமடு

எடுத்துவிட்டேன். கூடக் கேட்ட நாலு இலட்சத்தில் மூன்றைக் குறைத்தார். கையெழுத்தும் வாங்கியாயிற்று.

நேற்று அண்ணையின் கராஜில் தலையைக் கழற்றினோம். ஒன்பது நட்டும் ஒழுங்கின்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார், கடைசியில் மரச் சுத்தியலால் இரண்டு தட்டு, ஒரு பெருமூச்சுப் போலச் சத்தம் வந்து தலை கிளம்பியது. கஸ்கெற்றில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு விரல் நக அளவு கருகி இல்லாமல் போயிருந்தது. தலையை வெயிலில் வைத்துத் துடைத்துச் சாயம் பூசி, கழுவி, வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தோம். நாலாவது சிலிண்டரில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது, அண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், பழைய கரியின் கீறல். வெடிப்பு இல்லை. தலை இப்போது லேத்தில், வளையத்துக்கு.

பின் வாயால் மட்டும் அரை வாளி சேறு எடுத்தோம். அக்காவின் பொதி வந்ததும் பூட்டுவோம். ரேடியேற்றருக்கு என்ன தண்ணீர் விடுவது அண்ணை, கடையில் விற்கிற போத்தல் தண்ணீரா?

பண்டாரிக்குளம்

வேண்டாம். போன மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இரண்டு கான் மூடி வைத்திருக்கிறேன், உன் காருக்கு ஒன்று காணும். பொதி வந்த அடுத்த நாள் விடிய வெள்ளென வா, வெயில் ஏறுவதற்கு முன் தலையைப் பூட்டிவிட்டு ஓமந்தை மட்டும் ஓட்டிப் பார்ப்போம். வரும்போது ஒரு பழைய துவாய் கொண்டு வா, கூரையைக் கழற்றித்தான் ஓட்டப் போகிறோம்.